கேட்டுவிட்டுத் தொட்ட கை

ராபியாக்காவின் தங்கை சபூரா போன் செய்தபோது நான் மேரு பாசாரில் கெம்போங் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சரோஜாக்கா, அக்கா போயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வரணும்னா இப்பவே வாங்க" என்றாள். அவ்வளவுதான். மீன்காரர் பையை நீட்டி, "வெட்டணுமாக்கா, முழுசாவே வேணுமா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்து, "வலிச்சுச்சா?" என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். சபூராவிடம் கேட்க வேண்டியது அவரிடம் போய்விட்டது. சபூரா அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ராபியாக்கா இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்காக அவர் நடத்திய வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருகிற உங்களுக்கெல்லாம் அவரவருக்கு ஒரு விதமாக வந்திருக்கும். எல்லோரும் சேர்ந்து போடும் இந்தச் சின்னப் புத்தகத்துக்கு நானும் எழுத வேண்டும் என்று சபூரா சொன்னாள். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அடுப்பைப் பார்க்கிறேன், காயப்போட்ட துணியைப் பார்க்கிறேன், வீட்டுக்காரர் கைக்குக் கீழே தலையணை இருக்கிறதா என்று பார்க்கிறேன். திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ராபியாக்கா போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தக் கேள்விதான். ராபியாக்காவின் வலது கை கடைசியில் வலித்ததா? வலித்திருந்தால் யாருக்காவது தெரிந்ததா? அவரால் வாயால் சொல்ல முடியாது. ஸ்ட்ரோக் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். சபூரா இருந்தாள். நான் போகவில்லை.

மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். "மீன் எங்க?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். அவர் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களை நல்ல கையால் கழற்றினார். பிறகு, "வெள்ளைச் சட்டையை எடு. இடது கையை முதல்ல மாட்டு" என்றார். விழுந்த கைக்கு முதலில் சட்டை, நல்ல கைக்குப் பிறகு. அதுவும் ராபியாக்கா சொல்லிக் கொடுத்ததுதான்.

கிள்ளானுக்குப் போகும் காரில் எனக்கு உட்கார முடியவில்லை. காருக்குள் எங்கே எழுந்து நடப்பது? சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே போனேன்.

என் வீட்டுக்காரர் பெயர் தண்ணிமலை. லோரி ஓட்டியவர். மேரு தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு எங்கெங்கேயோ போவார். ஒரு நாள் காலையில் லோரியில் ஏறப் போனவர் ஏறவில்லை. இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கை திரும்பவில்லை. அதோடு வீங்கிக்கொண்டு, சிவந்துகொண்டு, எரியத் தொடங்கியது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட முகத்தைச் சுளிப்பார்.

கிளினிக்கில் ஓர் அட்டையை நீட்டுவார்கள். வரிசையாக முகங்கள் வரைந்திருக்கும். இடது கோடியில் சிரிக்கிற முகம், வலது கோடியில் அழுகிற முகம். "எவ்வளவு வலி அங்கிள், தொட்டுக் காட்டுங்க" என்பார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் அழுகிற முகத்தைத் தொடுவார். வாயால் கேட்டால், "பரவாயில்ல லா" என்பார். விரல் ஒன்று சொல்லும், வாய் வேறொன்று சொல்லும். மாத்திரையைக் கூட்டினார்கள். பகலெல்லாம் தூங்கினார். எழுந்தால் மறுபடியும் அழுகிற முகம். இவருடைய தம்பி குமார் என் முகத்துக்கு நேரே சொன்னான்: "அண்ணன் நடிக்கிறாரு அண்ணி. உடம்பு வணங்கல. நெசமாவே வலிக்கிறவன் பரவாயில்லன்னா சொல்லுவான்?" இவர் நடிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அட்டையைப் பார்த்தால் குமார் சொல்வதும் சரி போலத்தான் இருந்தது.

குமார்தான் எங்களை முதல் தடவை பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போனான். ராபியாக்காவிடம் இல்லை. கண் தெரியாதவர்கள் மசாஜ் செய்யும் அந்தக் கடைக்கு. எண்ணெய் போட்டு நன்றாக இழுத்து உருவினால் நரம்பு விட்டுவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்களில் ஸ்ட்ரோக் வந்த வீட்டில் இதைச் சொல்லாதவர்கள் யார்? அங்கே இருந்த அங்கிள் இவர் கையின் மேல் விரல் நுனியை வைத்தார். வைத்த உடனே எடுத்துவிட்டார். "இது இழுக்கிற கை இல்ல தம்பி. பக்கத்துக் கதவைத் தட்டுங்க. அங்க ஒரு அம்மா இருக்கு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கை நல்ல கை" என்றார்.

பக்கத்துக் கதவைத் தட்டினோம். ஒரு கையில் பாதி தின்ற கறிபாப் பலகாரத்தோடு ராபியாக்கா வந்து நின்றார். "உள்ள வாங்க. வாசல்ல நின்னு காத்தை அடைக்காதீங்க" என்பதுதான் அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தெரப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கிள்ளான் ஜவுளிக்கடைக்காரர் மகள், துணி விரிக்கிற மாதிரியே பேச்சையும் விரிப்பார். நின்றுகொண்டே பேசுவார், நடந்துகொண்டே பேசுவார். கை பார்க்கும்போது மட்டும் உட்காருவார். உட்கார்ந்தால் ஆள் அப்படியே அடங்கிவிடுவார்.

குமார் அண்ணன் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, "இதுதான் கை" என்று நீட்டினான்.

"தம்பி, அது உங்க கையா?"

"இல்ல மிஸ், அண்ணனோட கை."

"அப்ப விடுங்க. அது அவர் மடியிலயே இருக்கட்டும். அது இருக்கிற எடத்துக்கு நான் வரேன்."

வந்து குனிந்து உட்கார்ந்தார். உடனே தொடவில்லை. "தொடலாமா அண்ணே?" என்று கேட்டார். "தொடுங்க மிஸ், அதுக்குத்தானே வந்தோம்" என்றார் இவர். அதன் பிறகும் முதலில் நல்ல கையைத்தான் தொட்டார். பஞ்சால் தடவினார். சில்லென்ற தண்ணீர் ஒரு டம்ளரிலும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரிலும் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி நல்ல கையில் ஒற்றினார். "இது எப்படி இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். பிறகு விழுந்த கைக்கு வந்தார். பஞ்சு பட்டதும் இவர் புருவம் சுருங்கியது. சில்லென்ற டம்ளர் பட்டதும் உதட்டைக் கடித்தார். ராபியாக்கா கையைப் பார்க்கவே இல்லை. இவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"பரவாயில்ல மிஸ்."

"அண்ணே, நெத்தியில வேர்வை. இந்த ரூம்ல அந்த வார்த்தைக்குத் தடை. இனிமே யார் சொன்னாலும் எல்லாருக்கும் ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கித் தரணும்."

அப்புறம் அதே முக அட்டையை எடுத்தார். படுக்கைவாட்டில் நீட்டினார். இவர் விரல் பழக்கம் போல வலது கோடிக்குப் போனது. குமார் என்னைப் பார்த்தான். ராபியாக்கா அட்டையைத் திருப்பி நெட்டுக்குத்தாகப் பிடித்தார். சிரிக்கிற முகம் கீழே, அழுகிற முகம் மேலே. இவர் அதை உற்றுப் பார்த்தார். "இது வேற அட்டையா மிஸ்?" என்று கேட்டார்.

"அதே அட்டைதான் லா. சும்மா உக்காந்திருக்கும்போது எந்த மூஞ்சி?"

இவர் விரல் மேலே போய், கீழே வந்து, நடுவில் நின்றது. ராபியாக்கா இவர் முழங்கைக்கு அடியில் கை கொடுத்து கொஞ்சமே தூக்கினார். விரல் உச்சிக்குப் போனது. கையைத் தலையணை மேல் வைத்தார். விரல் தானாகக் கீழே இறங்கியது.

அவர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுல தட்டுல எந்தப் பக்கம் சோறு மிச்சமாகும்?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுவார். கோபிஸ் பிடிக்கவில்லை போல என்று காயை மாற்றி மாற்றிச் சமைத்துக்கொண்டிருந்தேன். குமார் வீட்டு விசேஷத்தில் வாழையிலையின் வலது பக்கம் துடைத்த மாதிரி இருந்தது. இடது நுனிப் பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் பச்சடியும் வைத்தது வைத்தபடி கிடந்தன. "அண்ணனுக்கு எங்க வீட்டு ஊறுகா பிடிக்கல" என்று குமார் மனைவிக்கு மனத்தாங்கல்கூட.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இடது பக்கத்தைக் கண்டுக்க மாட்டேங்குது" என்றார் ராபியாக்கா. "அட்டையைப் படுக்க வெச்சா அவருக்குத் தெரியுறது கடைசி ரெண்டு மூஞ்சி. ரெண்டும் அழுவுற மூஞ்சி. இருக்கிறதுல ஒண்ணைத் தொட்டிருக்காரு. நடிக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா மாத்தி மாத்தியில்ல தொட்டிருப்பாரு?"

கதவோரம் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த குமார் நிறுத்திவிட்டான். திரும்பும்போது அண்ணனை மணிக்கட்டில் பிடிக்கவில்லை. இடுப்பில் கை கொடுத்துக் கூட்டி வந்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் தட்டை நான் பாதியில் திருப்பி வைத்தேன். மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

இவர் வலி போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். இன்றும் இருக்கிறது. ஆனால் அது எப்போது வரும், எதனால் வரும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "எவ்வளவு வலிக்குதுன்னு அப்புறம் கேக்கலாம். முதல்ல எப்ப வலிக்குதுன்னு கேளுங்க. எதை விட்டுட்டீங்கன்னு கேளுங்க" என்று ராபியாக்கா எல்லாக் குடும்பத்திடமும் சொல்வார். தோள் தொங்கும்போது வலி. பச்சைத் தண்ணீர் பட்டால் வலி. சட்டைக் கை உரசினால் வலி. இவற்றை அவர் டாக்டரிடம் பேசிச் சொன்ன பிறகு மருந்து மாறியது. பகல் தூக்கம் நின்றது. ஒரு நாள் கொமுட்டர் ரயிலில் பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தபோது இவர் கையை மறைத்துப் பிடிக்காமல் அப்படியே மடியில் விட்டிருந்தார். எனக்கு அது போதும்.

தே தாரிக் தண்டனை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதிகம் வாங்கியவர் என் வீட்டுக்காரர்தான். செமினியிலிருந்து வரும் பொன்னம்மா ஆன்டி ஒரு வியாழக்கிழமை தப்பித்துக்கொள்ளலாம் என்று, தோளைத் தூக்கும்போது அதே வார்த்தையை "தாபா, தாபா" என்று மலாயில் சொன்னார். ராபியாக்கா விடவில்லை. "மலாய்ல சொன்னாலும் சீனத்துல சொன்னாலும் தே தாரிக்தான். ஆன்டிக்குச் சீனி கம்மியா சொல்லுங்க" என்றார். ஆன்டி, "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் ராபியா" என்றார். "பெரிய சைஸா பாத்து வாங்குங்க" என்றார் ராபியாக்கா.

தன் உடம்பை மட்டும் அவர் பார்க்கவில்லை. கருவாட்டுச் சம்பல் இல்லாமல் சாப்பாடு இறங்காது. "பிரஷர் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டால், "எனக்கு வராது. நான் மத்தவங்களுக்கு ஏத்திவிடுற ஆளு" என்பார். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம். அதை நினைத்தால்தான் இப்போதும் எழுதுவதை விட்டு எழுந்து நடக்கிறேன்.

அவருக்கும் ஸ்ட்ரோக் வந்தது. விழுந்தது வலது பக்கம். பேச்சும் போய்விட்டது. அந்த வாய் என்ன பேச்சுப் பேசிய வாய். ஆஸ்பத்திரியில் இருந்து கிள்ளானில் தங்கை சபூரா வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நானும் வீட்டுக்காரரும் பார்க்கப் போனோம். கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பாதி முகம் சிரித்தது. வாயைத் திறந்து, "பரவாயில்ல" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. சபூரா சொன்னாள்: "அது ஒண்ணுதாங்க்கா வருது. தண்ணி வேணுமான்னாலும் அதான், பசிக்குதான்னாலும் அதான்." வேறு எந்த வார்த்தையைத் தேடினாலும் இதுதான் வந்து விழும், அவர் வேண்டுமென்றே சொல்வதில்லை என்று டாக்டர் விளக்கினாராம்.

இவர் சும்மா இருப்பாரா? "மிஸ், நீங்க எங்களுக்கெல்லாம் தே தாரிக் வாங்கணும் இப்ப" என்றார். ராபியாக்கா சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அதே வார்த்தையை இன்னொரு தடவை சொன்னார். பிறகு கண்ணில் நீர் வந்துவிட்டது. இவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

சபூரா என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். அவளுக்கு வேறொரு கவலை. "அக்கா தொழ மாட்டேங்கறாங்க. ஒளுவுக்குத் தண்ணிச் செம்பை எடுத்துட்டுப் போனாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நேத்து இடது கையால செம்பைத் தள்ளிவிட்டுட்டாங்க. சின்ன வயசுலேர்ந்து ஒரு வக்துத் தொழுகை விட்டதில்ல. அல்லா மேலயே கோவமா என்னன்னு எனக்கு பயமா இருக்கு. மாமா வந்து பாத்துட்டு, நோய் வந்தா ஈமான் ஆடும்னு சொல்லிட்டுப் போறாரு. அதக் கேட்டுட்டு அக்கா ராத்திரியெல்லாம் அழுவுறாங்க." ஒளு என்றால் தொழுவதற்கு முன் கை, முகம், கால் கழுவுவது; ஈமான் என்றால் இறைநம்பிக்கை. அந்த நம்பிக்கை ஆடிவிட்டது என்று ஒருவர் அவர் காது படச் சொல்லியிருக்கிறார். பதில் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை.

"கை வலிக்குதான்னு கேட்டீங்களா?" என்றேன்.

"தினமும் கேக்குறேன். பரவாயில்லன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாங்கள் கூடத்துக்கு வந்தோம். எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த அந்த முக அட்டையை இவர் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஏன் எடுத்தார் என்று நான் கேட்டதில்லை. "சரோஜா, நாற்காலியைத் திருப்பிப் போடு. மிஸ் எனக்கு வலது பக்கம் இருக்கணும். இடது பக்கம் இருந்தா நான் பாதியை விட்டுடுவேன்" என்றார். ராபியாக்கா கையை இவர் தொடக் கூடாது. வெளி ஆண்கள் விஷயத்தில் அது அவர்கள் முறை. இவரும் அந்தக் கூட்டத்தில் இத்தனை நாள் இருந்தும் தானாகக் கை நீட்டியதில்லை. அதனால், "நீ தொடு. மெதுவா. நான் மொகத்தைப் பாக்குறேன்" என்றார்.

எனக்குப் பதற்றம். ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீர், ஒரு டம்ளரில் வெந்நீர் கலந்த தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நேராக அவர் கையைப் பிடித்துவிட்டேன். என் மணிக்கட்டில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. ராபியாக்காவின் இடது கை. கண்ணில் அந்தப் பழைய முறைப்பு. "அது உங்க கையா?" என்று குமாரிடம் கேட்ட அதே முறைப்பு.

"தொடலாமாக்கா?" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார்.

நல்ல கைக்கு முதலில் காட்டினேன். பிறகு வலது கைக்கு வந்தேன். வெதுவெதுப்பான டம்ளருக்கு ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர் டம்ளர் புறங்கையில் பட்டதும், "புருவம், புருவம், எடு" என்றார் இவர். அட்டையை நெட்டுக்குத்தாகப் பிடித்துக் காட்டினார். ராபியாக்கா இடது கை விரல் அழுகிற முகத்தின் மேல் போய் நின்றது. அந்த நேரம் அவர் வாய் "பரவாயில்ல" என்றுதான் சொன்னது. விரல் மட்டும் அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

"ஒளு செய்யும்போது எப்படிச் செய்வீங்க, சபூரா? தண்ணியில்லாம செஞ்சு காட்டுங்க" என்றேன். சபூரா அக்காவின் சட்டைக் கையை முழங்கை வரை இறுக்கிச் சுருட்டினாள். கையை நேராக இழுத்துச் செம்புக்கு நேரே பிடித்தாள். வலது கைதான் முதலில். இவர், "போதும்மா, விட்டுடு" என்று கத்தியே விட்டார். ராபியாக்காவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

வேறொன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து வேளையும் அன்பாக, பக்தியாக, அந்தக் கையை இழுத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் தள்ளியது செம்பைத்தான், தொழுகையை இல்லை.

சபூரா தரையில் உட்கார்ந்து அக்கா முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். ராபியாக்கா நல்ல கையை அவள் தலையில் வைத்து, தன் ஒரே வார்த்தையைச் சொன்னார். அந்த ஒரு தடவை அவர் அதை அதே அர்த்தத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு தண்ணீரை வெதுவெதுப்பாக்கினார்கள். அகலக் கை வைத்த சட்டை தைத்தார்கள். கையைத் தலையணையில் இருந்து எடுக்காமலே, கீழே பேசின் வைத்து, கேட்டுவிட்டுத் தடவினார்கள். அன்று சாயங்காலம் அவர் நாற்காலியில் இருந்தபடியே தொழுதார். நானும் இவரும் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். மாமாவிடம் சபூரா போனில் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அடக்க நாளுக்கு வருகிறேன். சபூரா வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். இவரை ஆண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். ராபியாக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் போவார்கள். நான் கூடத்தில் இருந்தேன். இருந்தேன் என்றால் உட்காரவில்லை. நாற்காலியை நகர்த்தினேன், தண்ணீர் கிளாசுகளை அடுக்கினேன். "உக்காருங்க ஆன்டி" என்று ஒரு பெண் சொன்னாள். உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றுகிற தண்ணீர் சில்லென்று இருக்குமே என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புத்தான்.

சபூரா வெளியே வந்தாள். முழங்கை வரை நனைந்திருந்தது. அவளைத் தனியாக நிறுத்தி, மீன்காரரிடம் போன அந்தக் கேள்வியைக் கேட்டேன். "கடைசியில கை வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சுக்கா" என்றாள். "இல்லன்னு சொல்ல மாட்டேன். அட்டையைக் கட்டில் கம்பியில நிமுத்திக் கட்டி வெச்சிருந்தேன். இவங்க பரவாயில்லன்னு சொன்னா நம்பாதீங்க, விரலைப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு தடவை உச்சி மூஞ்சியைக் காட்டுனாங்க. காட்டுன உடனே நர்சு வந்து டிரிப் ஊசியை அடுத்த கைக்கு மாத்திட்டாங்க, மருந்தும் குடுத்தாங்க. அப்புறம் விரல் கீழ வந்துருச்சு. ஒரு மலாய்க்காரப் பொண்ணு, புது நர்சு. 'மாச்சிக், போலே?'ன்னு, தொடலாமான்னு மலாய்ல கேட்டுட்டு, அக்கா கண்ணை மூடித் திறந்தாத்தான் தொடும்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"இப்ப உள்ளயும் வலது பக்கந்தான் முதல்ல கழுவணும்" என்றாள். "கையை எடுக்கப் போனேன். வாய் தானா கேட்டுருச்சு, 'தொடவாக்கா'ன்னு. கூட நின்னவங்க எல்லாம் என்னையே பாத்தாங்க."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம்தான் தொட்டேன். தண்ணி வெதுவெதுப்பாத்தான் வெச்சிருந்தேங்க்கா."

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் அழுதேன்.

திரும்பும் காரில் இவரிடம், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கூடாரத்தில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். "பரவாயில்ல" என்றார். சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. கிள்ளான் பாலம் தாண்டும்போது, "இப்ப யாருக்கு வாங்கித் தர்றது?" என்றார். போன வியாழக்கிழமை மசாஜ் அங்கிள் சாவி வாங்கி அறையைத் திறந்துவிட்டபோது, இவர் உங்கள் எல்லோருக்கும் தே தாரிக் வாங்கி வந்தாரே, என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. காரணம் இதுதான்.

ராபியாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என் மணிக்கட்டில் விழுந்த அந்தத் தட்டு. என் கை இப்போது ஓரிடத்தில் நிற்பதில்லை. துடைத்த மேசையையே துடைக்கிறது, மடித்த துணியையே மடிக்கிறது. காலையில் சட்டை மாட்ட இவருடைய இடது கைப் பக்கம் போகும்போது மட்டும், தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. "தொடலாமா?" என்று கேட்கிறேன். இவர் முகத்தைப் பார்க்கிறேன். பிறகுதான் தொடுகிறேன்.